தண்ணீர்ப் பாத்தி

வணக்கம் நேயர்களே. தோட்டம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பூதான். எனக்கும் அப்படித்தான், அதனால் இத்தாலியில் ஃபிளாரன்ஸுக்குப் பக்கத்தில் செட்டின்யானோ என்கிற மேட்டு ஊரில் இருக்கும் வில்லா கம்பெராயா என்கிற பழைய மாளிகையின் தோட்டத்துக்குள் ஓர் அக்டோபர் கடைசியில் நுழைந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. புல், தண்ணீர், கல், கத்தரித்த பச்சைப் புதர், தொட்டியில் எலுமிச்சை. அவ்வளவுதான். ஆனால் பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தேன், கிளம்ப மனம் வரவில்லை.

முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சனோபி லாப்பி என்பவர் கட்டியது. மங்கிய மஞ்சள் பூச்சு, ஜன்னலைச் சுற்றிச் சாம்பல் நிறக் கல் சட்டம், வேறு பெரிய அலங்காரம் கிடையாது. இந்த மாதிரி வீட்டின் அழகெல்லாம் அளவில் இருக்கிறது: இரண்டு ஜன்னலுக்கு நடுவே எவ்வளவு சுவர் விட்டார்கள், கூரை விளிம்பின் நிழல் எதுவரை இறங்குகிறது என்பதில். சுற்றிலும் இருபது நிறத்தில் பூத்துக் குலுங்கினால் யார் சுவரைப் பார்ப்பார்கள்?

வீட்டின் கிழக்குப் பக்கத்தை ஒட்டி ஒரு புல்தரை ஓடுகிறது. நீளம் 200 மீட்டருக்கும் மேல். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் மண்சரிவைத் தாங்கும் உயரமான சுவர். ஒரு கோடியில் சைப்ரஸ் மரங்கள் சூழ்ந்த நீரூற்று, மறுகோடியில் கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் ஆர்னோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. நடுவில் ஒரு செடிகூட இல்லாததால் பார்வை எங்கும் தடுக்காமல் நேரே வானத்துக்குப் போய்விடுகிறது.

அப்புறம் தெற்குப் பக்கம், எனக்கு மிகவும் பிடித்த இடம். 1896-இல் இந்த வீட்டை வாங்கிய இளவரசி கீக்கா, செர்பிய அரசி நதாலியின் சகோதரி, வெளியாட்களை அதிகம் பார்க்காமல் ஒதுங்கி வாழ்ந்தவர். அவர் மண் பாத்திகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தண்ணீரை நிரப்பினார். நான்கு நீள்சதுரக் குளங்கள், முடிவில் ஓர் அரைவட்டக் குளம், அதன் பின்னால் வளைவு வளைவாக வெட்டிய சைப்ரஸ் மதில். அவர் காலத்தில் குளக்கரையெல்லாம் பூச்செடிகள் இருந்தன. 1925-இல் வீட்டை வாங்கிய அடுத்த சீமாட்டி அவற்றையும் குறைத்து, கத்தரித்த பசும்புதர்களைக் கொண்டுவந்தார். ஒருவர் மண்ணை எடுத்தார், அடுத்தவர் பூவை எடுத்தார். மிச்சம் இருந்த தண்ணீரில் வீடு தலைகீழாகத் தெரிகிறது, மேகம் நகர்ந்தால் தோட்டத்தின் நிறமே மாறுகிறது.

இதைப் பார்த்துவிட்டு 'சும்மா காலியாக விட்டிருக்கிறார்கள்' என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. பூந்தோட்டத்தில் ஒரு செடி பட்டுப்போனால் பக்கத்துச் செடி மறைத்துவிடும், இங்கே பாக்ஸ்வுட் என்கிற பசும்புதர் வேலியில் ஒரு கிளை காய்ந்தாலும் பல் விழுந்த மாதிரி தூரத்திலிருந்தே தெரியும். குளத்துக் கல் விளிம்பில் குனிந்து பார்த்தேன். பழுத்த இலை ஒன்றுதான் மிதந்தது, அந்த ஒன்றே உறுத்தியது. சற்று நேரத்தில் ஒரு தோட்டக்காரர் நீளக் கம்பு வலையோடு வந்து அதை எடுத்துவிட்டு, அடுத்த குளத்துக்குப் போனார்.

1944-இல், இரண்டாம் உலகப் போரில், வீடு எரிந்து, தோட்டமும் பாழானது. 1954-இல் மார்ச்செல்லோ மார்க்கி வாங்கி, பழைய படங்களையும் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு மீட்டெடுத்தார். கோடுகள் அத்தனை தெளிவாக இருந்ததால்தான் அது முடிந்தது என்று நான் நம்புகிறேன். பூக்களின் கலவையாக மட்டும் இருந்திருந்தால் எதைப் பார்த்து மீண்டும் நடுவது?

நான் கிளம்பும்போது எலுமிச்சைத் தொட்டிகளை உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். குளிர்காலம் முழுக்க அவை லிமோனாயா என்கிற நீளமான கொட்டகைக்குள் இருக்கும், வசந்தம் வந்ததும் வெளியே வரும். இடுப்பளவு சுட்டமண் தொட்டி, இரண்டு பேர் மூச்சுப் பிடித்துச் சாய்த்து, தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். தொட்டி இருந்த கல்லில் ஈரமான ஒரு வட்டம் மட்டும் இருந்தது, அதைச் சுற்றிக் கொஞ்சம் பாசி. ஒருவர் வாளியும் பிரஷ்ஷும் கொண்டுவந்து அதைத் தேய்க்க உட்கார்ந்தார்.