கரடிக்குள் இருந்த கை

(குழந்தைகளுக்குக் கதை சொல்பவர்கள், பொம்மை ஆட்டுபவர்களின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பையில் என்ன இருக்கிறது என்று முன்வரிசையில் ஒரு பாப்பா ஏற்கெனவே அவள் அம்மாவிடம் கேட்டுவிட்டாள். கொஞ்சம் பொறும்மா. கடைசியில்தான்.

மேடையில் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டுகிற ஒருவர் தொலைக்காட்சித் தயாரிப்புக்குள் எப்படிப் போகிறார் என்று பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் பத்து நிமிடத்தில் உங்களுக்குக் கொட்டாவி வரும். அதனால் ஒரே ஒரு கரடியின் கதையைச் சொல்கிறேன். பிரிட்டனில் சூட்டி என்று ஒரு மஞ்சள் கரடி. கைக்குள் மாட்டுகிற பொம்மை, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாது. அதற்குள் இதுவரை முக்கியமாக மூன்று பேர் கையை நுழைத்து ஆட்டியிருக்கிறார்கள். மேடையிலிருந்து தயாரிப்புக்கு என்கிற அந்த ஒரு பயணத்தை இந்த மூன்று பேரும் சேர்ந்துதான் முடித்தார்கள்.

முதல் ஆள் ஹாரி கார்பெட். 1918 இல் யார்க்‌ஷயர் பக்கம் பிராட்ஃபோர்டில் பிறந்தவர். ஹாரி ராம்ஸ்டன் என்று மீன் வறுவல் கடை வைத்துப் பேர் வாங்கியவர் இவருக்குத் தாய்மாமன். மாமா கடையில் இவர் பியானோ வாசித்திருக்கிறார். பெரிய பியானோ கலைஞராக வரவேண்டும் என்பது ஆசை. ஒரு காது சரியாகக் கேட்காததால் அது நடக்கவில்லை. பிழைப்புக்கு இன்ஜினியர் வேலை, ஓய்வு நேரத்தில் மேஜிக். இப்படி ஒரு ஆள் எல்லா ஊரிலும் இருப்பார். உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை இழுத்துக்கொண்டே இருப்பாரே, அவர்தான்.

1948 இல் குடும்பத்தோடு பிளாக்பூல் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போனார். அங்கே கடலுக்குள் நீண்டுபோகிற நார்த் பியர் பாலத்தின் கோடியில் ஒரு கடை. அந்தக் கடையில் இந்தக் கரடியை வாங்கினார். விலை 7 ஷில்லிங் 6 பென்ஸ். அந்தக் காலத்தில் 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. கணக்குப் பார்த்தால் அரை பவுண்டுகூட இல்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்ட வாங்கியது. அதே 1948 இல்தான் அவருடைய மகன் மாத்யூ பிறந்தார். கரடிக்கும் பையனுக்கும் ஒரே வயது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அப்போது அதற்குப் பெயர் வெறும் டெடி. 1952 இல் பிபிசியின் திறமைப் போட்டி நிகழ்ச்சி ஒன்றுக்கு ஹாரி போனார். அங்கே ஒரு சிக்கல். கரடி முழுக்க மஞ்சள். கறுப்பு வெள்ளைத் திரையில் மஞ்சள் எப்படித் தெரியும்? சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டலம் மாதிரி. காது எது, மூக்கு எது என்று பார்க்கிறவருக்குப் பிடிபடாது. ஹாரி புகைக்கரியை எடுத்துக் காதிலும் மூக்கிலும் தடவினார். அவ்வளவுதான், கரடிக்கு முகம் வந்துவிட்டது. கரி என்பதற்கு ஆங்கிலத்தில் சூட்; கரி பூசியவன் சூட்டி. பெயரும் வந்துவிட்டது. மேடைக்கலைஞர் ஒருவர் கேமராவுக்காகச் செய்த முதல் தயாரிப்பு முடிவு இந்தக் கரிதான் என்று நான் சொல்வேன். மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று யோசிக்கிறோம். தொலைக்காட்சியில் அந்தச் சின்னக் கண்ணாடியில் என்ன தெரியும் என்று யோசிக்க வேண்டும். ஹாரிக்கு அது யாரும் சொல்லாமலே புரிந்தது.

1955 இல் ‘தி சூட்டி ஷோ’ தனி நிகழ்ச்சியாக வந்தது. நிகழ்ச்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேஜை. பின்னால் கோட்டு சூட்டுப் போட்ட நடுத்தர வயதுக்காரர். அவர் கையில் கரடி. அது ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ‘இஸ்ஸி விஸ்ஸி லெட்ஸ் கெட் பிஸி’ மந்திரத்துக்குத் தட்டும். அல்லது தண்ணீர்த் துப்பாக்கியால் அவர் முகத்தில் பீய்ச்சும், மாவை வாரி அடிக்கும். அவர் பாவமாக நிற்பார். தன் கையாலேயே தன்னை அடித்துக்கொள்கிற ஒரு மனிதரைப் பார்த்து ஒரு தேசமே சிரித்தது.

கரடி பேசாது என்றேன். அது அவர் காதோரம் சாய்ந்து ஏதோ சொல்லும். “என்ன சூட்டி? தண்ணீரா? யார் மேலே? என் மேலேயா!” என்று அவர் திருப்பிச் சொல்வார். உங்களில் கைப்பொம்மை ஆட்டுகிறவர்களுக்கு இந்த உத்தியின் அருமை தெரியும். உதடு அசைக்காமல் குரல் கொடுக்கக் கற்க வேண்டாம். கரடி என்ன சொன்னது என்பதில் பாதியைக் குழந்தையே கற்பனை செய்துகொள்ளும். நான் இன்னொன்றும் சொல்கிறேன், இன்றைய பேச்சில் எனக்கு முக்கியமானதே இதுதான்: குரல் இல்லாத பொம்மைக்கு ஆளை மாற்றலாம். குரலோடு ஒட்டிய பாத்திரம் அந்தத் தொண்டை போனால் போயிற்று. சூட்டிக்குள் எந்தக் கை இருந்தாலும் சூட்டி சூட்டிதான்.

1957 இல் ஸ்வீப் என்று ஒரு நாய் சேர்ந்தது. அதற்கும் மொழி கிடையாது, கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் சாக்ஸபோன் என்ற ஊதுகருவியில் பொருத்துகிற ரீட் என்கிற மெல்லிய நாக்கிலிருந்து வருகிறது. இசைக்கருவிக் கடையில் கிடைக்கும் பொருள்! 1964 இல் சூ என்கிற பாண்டா வந்தது. பெண் பொம்மை, அது மட்டும் வாய்விட்டுப் பேசியது. குரல் ஹாரியின் மனைவி மார்ஜோரி. ஆண் கரடிக்குப் பெண் தோழியா என்று பிபிசிக்கு ஒரே கவலை. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் சம்மதம் வந்தது. துணியும் பஞ்சும்! எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பின்னாளில் சூவுக்கு மட்டும் வேறொரு குரலைத் தேட வேண்டியிருந்தது. 1981 முதல் பிரெண்டா லாங்மன். மற்ற இரண்டுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

1968 இல் பிபிசியை விட்டு ஐடிவி என்கிற தனியார் தொலைக்காட்சிக்கு, அதில் தேம்ஸ் நிறுவனத்துக்கு நிகழ்ச்சி போனது. இதுவரைக்கும் ஹாரி யார்? கலைஞர். நம் பாஷையில் கால்ஷீட் கொடுக்கிறவர். கரடி அவருடையது, ஆனால் கேமரா, அரங்கம், நேரம் எல்லாம் நிறுவனத்துடையது. 1975 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவருக்கு மாரடைப்பு. கை நின்றால் வருமானம் நின்றுவிடும். மேடைக்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. எனக்கே ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் நாற்பது நிமிடம் கையை மேலே தூக்கி ஆட்டிவிட்டு இறக்கினால் சுண்டுவிரல் எனக்குச் சொந்தமில்லாதது போல் இருந்தது. மறுநாள் காலை தோசையைப் பிய்க்க முடியவில்லை. இது எத்தனை வருடம் ஓடும் என்று அன்றைக்கு யோசித்தேன்.

இங்கேதான் இரண்டாவது ஆள் வருகிறார், மாத்யூ. அவருக்கு அப்பா வைத்த பெயர் பீட்டர். நடிகர் சங்கப் பட்டியலில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருந்ததால் மாத்யூ ஆனார். தேம்ஸின் ‘ரெயின்போ’ குழந்தைகள் நிகழ்ச்சியில் ராட், மாட், ஜேன் என்று மூன்று பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். அதில் மாட் இவர். 1976 இல் அதை விட்டுவிட்டு அப்பாவின் இடத்துக்கு வந்தார். எப்படி வந்தார்? அப்பா கையைக் கழற்றி மகன் கையில் மாட்டி ஆசீர்வாதம் செய்தார் என்று நினைக்கிறீர்களா? இல்லை. 35,000 பவுண்டுக்கு மகன் அப்பாவிடம் உரிமையை விலைக்கு வாங்கினார்.

இதைக் கேட்டதும் அப்பனும் மகனும் கணக்குப் பார்ப்பதா என்று நமக்கு முகம் சுளிக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. யோசித்தால், 7 ஷில்லிங் 6 பென்ஸ் பொம்மை ஒரு சொத்து என்று முதன்முதலில் தாளில் எழுதப்பட்டது அந்த நாளில்தான். மகனாகப் பிறந்ததால் கிடைத்தது என்றால் அது வெறும் வாரிசுரிமை. காசு கொடுத்து வாங்கியதால் கதையை மாற்ற, நிகழ்ச்சியின் அமைப்பை மாற்ற, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மாத்யூ மாற்றினார். அப்பா காலத்தில் அது மேஜைக்குப் பின்னால் நடந்த மேடை வித்தை. 1980களில் ஒரு வீடு, அதில் மாத்யூவும் மூன்று பொம்மைகளும் குடியிருக்கிறார்கள், தினம் ஒரு வம்பு என்று நகைச்சுவைக் கதையாக ஆனது. பொம்மை ஆட்டியவர் கதை எழுதுபவராகவும் ஆனார்.

அப்பா ஓய்ந்தாரா என்றால் அதுவும் இல்லை. விற்ற பிறகும் மேடையை விடவில்லை. 1989 ஆகஸ்டில் வேமத் என்ற கடற்கரை ஊரில் நிறைந்த அரங்கத்தில் நிகழ்ச்சி நடத்திவிட்டு, இரவு படுத்துத் தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 71. உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் கரடியிலிருந்து கை வந்துவிடுமா என்ன.

தயாரிப்பு என்றால் என்ன என்பதன் கசப்பான பகுதிக்கு வருகிறேன். பிரிட்டனில் ஐடிவி என்பது அந்தக் காலத்தில் ஒரே கம்பெனி இல்லை. வட்டாரத்துக்கு ஒரு நிறுவனம், ஒவ்வொன்றுக்கும் அரசு தரும் உரிமம். 1990 ஒளிபரப்புச் சட்டத்துக்குப் பிறகு உரிமத்தை மூடிய கவர் ஏலத்தில் விட்டார்கள். லண்டனின் வாரநாள் ஒளிபரப்புக்குக் கார்ல்டன் என்ற போட்டி நிறுவனம் வருடத்துக்குச் சுமார் 4.3 கோடி பவுண்டு கேட்டது, தேம்ஸ் சுமார் 3.3 கோடி. தேம்ஸ் தோற்றது. 1992 டிசம்பர் 31 இரவோடு அதன் ஒளிபரப்பு முடிந்தது. ‘தி சூட்டி ஷோ’வும் அந்த வருடத்தோடு முடிந்தது. குழந்தைகள் சிரித்தார்களா இல்லையா என்பதற்கும் அந்தக் கவருக்குள் இருந்த எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாத்யூ சம்பளத்துக்கு இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கரடி அவருடையது என்பதால் மான்செஸ்டரில் இருந்த கிரனாடா என்ற இன்னொரு ஐடிவி நிறுவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். 1993 இல் ‘சூட்டி அண்ட் கோ’ தொடங்கியது. இந்தத் தடவை வீட்டுக்குப் பதில் கடை.

1996 இல் மாத்யூ கரடியை ஒரு வங்கிக்கு விற்றார். 14 லட்சம் பவுண்டு. 1998 இல், சரியாக ஐம்பது வயதில், ஓய்வு பெற்றார். கரடியும் மகனும் ஒரே வயது என்றேன் அல்லவா, ஐம்பது வருடம் கூடப் பிறந்த மாதிரி ஒரு பொம்மையோடு வாழ்ந்தவருக்குப் போதும் என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வங்கிக்குக் கை கிடையாதே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கை, மூன்றாவது ஆள் ரிச்சர்ட் கடெலுடையது. மேஜிக்காரர். பதின்பருவத்திலேயே மேஜிக் சர்க்கிள் என்ற மந்திரவாதிகள் சங்கத்தின் இளம் மந்திரவாதி பட்டம் வாங்கியவர். சின்ன வயதில் சூட்டிக்கு ரசிகர், வளர்ந்து சூட்டிக்குள்ளேயே கை விட்டவர். 1998 இல் மாத்யூவின் இடத்துக்கு வந்தார். ஆனால் மாத்யூ மாதிரி உரிமையாளராக இல்லை, அமர்த்தப்பட்டவராக. உரிமை மாறிமாறிக் கடைசியில் ஹிட் என்டர்டெயின்மென்ட் என்ற பெரிய நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. ‘பாப் தி பில்டர்’ என்ற பிரபலக் குழந்தைகள் தொடர் அவர்களுடையது. ‘தாமஸ்’ ரயிலும் கைக்கு வந்திருந்தது. அந்த வரிசையில் ஒரு பழைய கரடி எங்கே நிற்கும்? 2004 இல் தொடர் நின்றது.

அடுத்த சில வருடங்கள் பிரிட்டனில் குழந்தைகள் நிகழ்ச்சி எடுப்பவர்களுக்கே கெட்ட காலம். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் அதிகமான தின்பண்டங்களின் விளம்பரத்தைக் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் தடுக்கப்போவதாக, ஒளிபரப்பைக் கண்காணிக்கிற ஆஃப்காம் அமைப்பு 2006 இல் அறிவித்தது. தடுத்தது சரிதான். ஆனால் அந்த விளம்பரக் காசில்தான் நிகழ்ச்சிகள் ஓடின. ஐடிவி அதே வருடம் தன் குழந்தைகள் தயாரிப்புப் பிரிவை மூடியது. மிட்டாயை நிறுத்தினார்கள், கூடவே மிட்டாய்க்காரன் வண்டியில் தொங்கிய பொம்மையும் போயிற்று.

இந்த நேரத்தில், 2008 இல், கடெல் தன் சகோதரரோடு சேர்ந்து சூட்டியை விலைக்கு வாங்கினார். எல்லோரும் கடையைச் சாத்துகிறபோது கடை வாங்குவது! வியாபாரம் படித்தவர் செய்யமாட்டார். மேடைக்காரர் செய்வார், ஏனென்றால் அரங்கத்தில் குழந்தைகள் இன்னும் கத்துகிறார்கள் என்பது அவர் காதுக்குத் தெரியும். 2011 இல் அவர்களுடைய சொந்த நிறுவனம் எடுத்த புதுத் தொடர் ஐடிவியின் குழந்தைகள் அலைவரிசையான சிஐடிவியில் வந்தது. கதை நடப்பது ஒரு விடுமுறைப் பூங்காவில். விடுமுறைக்குப் போன இடத்தில் வாங்கிய கரடி மறுபடி விடுமுறைக்கே போய்விட்டது என்பது என் கற்பனைதான். சிக்கனக் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

இப்போது கேமரா முன்னால் நின்று மாவால் அடி வாங்குகிற அதே ஆள்தான் காசு போட்ட முதலாளியும். முகத்தில் அப்பிய கிரீமைத் துடைத்துக்கொண்டே அடுத்த காட்சிக்கு வெளிச்சம் போதுமா, இன்றைக்கு முடித்தாக வேண்டுமே, கூடுதல் நேரத்துக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்க வேண்டிய நிலை. என் நண்பர்கள் சிலர் சின்ன அளவில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். தயாரிப்பாளர் மூளை வேலை செய்ய ஆரம்பித்ததும் கை கொஞ்சம் விறைத்துப்போகிறது என்பார்கள். பொம்மைக்குள் இருக்கிற விரலுக்கு உடனே தெரிந்துவிடுமாம். கடெல் எப்படிச் சமாளிக்கிறார் என்று எனக்கு ஒரு பொறாமைகூட உண்டு.

சிஐடிவி அலைவரிசையே 2023 செப்டம்பரில் மூடப்பட்டது. அதே வருடம் சூட்டிக்கு 75 வயது. கரடி மறுபடி அரங்கங்களுக்கு நடக்க வேண்டியதாயிற்று. அங்கே மேஜை இருக்கிறது, குச்சி இருக்கிறது, தண்ணீர்த் துப்பாக்கி இருக்கிறது.

சரி, நிறையப் பேசிவிட்டேன். கேள்விகளை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், அந்தப் பாப்பா பையின் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டாள். வாடா கண்ணு. இதில் இருப்பது சூட்டி இல்லை, காது பிய்ந்த ஒரு சாதாரண முயல். கையை நீட்டு. ஆள்காட்டி விரல் தலைக்குள், கட்டைவிரல் ஒரு கைக்கு, சுண்டுவிரல் இன்னொரு கைக்கு... ஆ, அப்படித்தான். இப்போது அது உன் காதில் என்ன சொல்கிறது?