இரண்டு பக்கமும் அடி விழுகிறது, கணக்கு எங்கே உதைக்கிறது?

நண்பர்களே, ஆண் இப்படி, பெண் இப்படி என்று பிரித்து வைப்பதால் யாருக்கு அடி விழுகிறது என்பதுதான் பேச்சு. இந்தத் தலைப்பைப் பார்த்ததும் இங்கே பாதிப் பேர் 'ஆண்களுக்கும் கஷ்டம் இருக்கு' என்று நான் எப்போது சொல்வேன் என்று காத்திருப்பீர்கள், மீதிப் பேர் அதைச் சொன்னதும் சண்டைக்கு எழுந்திருக்கத் தயாராக இருப்பீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இருக்கிறது. உலக அளவில் தற்கொலையால் இறக்கும் ஆண்களின் விகிதம் பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிறையில் இருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஆண்கள். கொலையாகிறவர்களிலும் பெரும்பாலோர் ஆண்கள்தான் (கொல்பவர்களும் அவர்களே, அதை விழுங்கிவிட்டுப் பேசக் கூடாது).

சரி, பெண்கள் பக்கம்? சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அது பெண்களின் ரத்தத்தில் மறுநாள் காலைவரை கூடுதலாகத் தங்குகிறது என்று சொல்லி அவர்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்தது 2013இல். அத்தனை வருடமும் ஆணுக்குக் கொடுத்த அளவுதான்.

இப்படி ஆளுக்கொரு பட்டியல் வாசித்துக்கொண்டே போகலாம், பட்டிமன்றம் நன்றாக நடக்கும், ஒன்றும் விளங்காது. எனக்குப் பிடித்தது ஒரு வழக்கு. 1972இல் அமெரிக்காவில் பவுலா வீசன்ஃபெல்ட் என்ற ஆசிரியை பிரசவத்தில் இறந்துபோனார், கணவரைவிட அதிகம் சம்பாதித்தவர், சமூகப் பாதுகாப்பு வரியை ஒழுங்காகக் கட்டியவர். குழந்தையை வீட்டிலிருந்து வளர்க்க நினைத்த கணவர் ஸ்டீபன், அந்த வரியிலிருந்து குடும்பத்துக்கு வரும் உதவித்தொகையைக் கேட்டுப் போனால், அது கணவனை இழந்த தாய்க்கு மட்டும்தான், மனைவியை இழந்த தகப்பனுக்குக் கிடையாது என்றார்கள். அவருக்காக வாதாடியவர் பின்னாளில் நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க். 1975இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஸ்டீபன் பக்கம் தீர்ப்புச் சொன்னது, ஆனால் காரணம் ஒன்றாக இல்லை. ஆணைப் போலவே வரி கட்டிய பெண்ணின் குடும்பத்துக்குக் குறைவான பாதுகாப்பு, அதாவது அவள் உழைப்புக்கு மதிப்புக் குறைகிறது என்பது பிரதான காரணம், ஒரு நீதிபதியோ குழந்தையின் பக்கமிருந்து பார்த்து, செத்தது அம்மாவா அப்பாவா என்பதை வைத்து அதற்கு எப்படிப் பாகுபாடு செய்வீர்கள் என்ற கோணத்தில் எழுதினார்.

ஒரே ஒரு விதி. சம்பாதிப்பவன் ஆண், வளர்ப்பவள் பெண். அதுதான் மணமுறிவில் குழந்தையைத் தாயிடமே கொடுக்கச் சொல்கிறது, அலுவலகத்தில் அதே தாய்க்குப் பதவி உயர்வைத் தள்ளிப்போடுகிறது.

அப்படியானால் சரிக்குச் சரியா? இல்லை, இங்கேதான் கணக்கு உதைக்கிறது. அந்த விதி ஆணை வீட்டுக்கு வெளியே தள்ளியபோது சம்பளம், சொத்து, சட்டம் இயற்றும் நாற்காலி எல்லாம் இருக்கிற இடத்துக்குத்தான் தள்ளியது, சுவிட்சர்லாந்தில் தேசியத் தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போட 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் கட்டாய ராணுவத்துக்கு இழுத்துப் போகப்பட்ட பையன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் இல்லை, சட்டம் போட்டவர்களும் ஆண்களே என்று சொல்லி அவன் வாயை அடைப்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது. அதே போல, பெண்கள் பேசும்போது மட்டும் ஆண்களின் தற்கொலையை ஞாபகப்படுத்துகிறவரிடம், அதற்காக இதுவரை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஐஸ்லாந்து 2000இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. குழந்தை பிறந்தால் விடுப்பு, தாய்க்கு 3 மாதம், தகப்பனுக்கு 3 மாதம், பகிர்ந்துகொள்ள 3 மாதம். அன்றைய விதிப்படி தகப்பன் தன் பங்கை எடுக்காவிட்டால் அது மனைவிக்குப் போகவில்லை, வீணாகிவிட்டது. பெரும்பாலான அப்பாக்கள் எடுத்தார்கள். கல்யாணமான இளம்பெண்ணைப் பார்த்து 'லீவு கேட்பாளே' என்று தயங்குகிற முதலாளி, அப்படி ஒரு ஊரில் பக்கத்து நாற்காலி இளைஞனைப் பார்த்தும் தயங்கியாக வேண்டும், இல்லையென்றால் இரண்டு பேரையும் வேலைக்கு எடுத்தாக வேண்டும்.