அறிவுரைக்கு ஒப்பனை வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

இளைஞர்களோடு பணியாற்றுகிறவர்களைக் கலைப் பயிற்சிக்கு அழைத்தால், முதலில் வருகிற பதில் இதுதான்: "எனக்குப் பாடவும் வராது, ஆடவும் வராது, என்னை விட்டுவிடுங்கள்." இப்படித் தயங்குகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நன்றாகப் பாடத் தெரிந்தவர்களிடம்தான் சிக்கல் அதிகம். தமக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, மேடையேற்றி, கைதட்டல் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று அவர்கள் இருந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. போதைப் பழக்கமா, ஒரு நாடகம் போடு. சாலைப் பாதுகாப்பா, ஒரு பாட்டு எழுது. முடிவைப் பெரியவர்கள் முன்கூட்டியே தீர்மானித்திருப்பார்கள். குடிப்பவன் இரண்டாம் காட்சியில் விழுவான், மூன்றாம் காட்சியில் திருந்துவான். நடிக்கிற பிள்ளைகளே அதை நம்புவதில்லை. குழந்தைகளின் பங்கேற்பைப் பற்றி ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெப்புக்காக எழுதியபோது, பிள்ளைகளுக்கு உண்மையில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதைப் படிப்படியாகக் காட்டும் எட்டுப் படி ஏணி ஒன்றை வரைந்து காட்டினார். அதில் அடியிலுள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றில் ஒன்றுக்கு 'அலங்காரம்' என்று பெயர் வைத்தார். ஏதோ ஒரு வாசகம் எழுதிய சட்டையை மாட்டிக்கொண்டு, எதற்கென்று சரியாகத் தெரியாமலே ஆடிப் பாடும் பிள்ளைகள் அந்தப் படியில்தான் நிற்கிறார்கள். நம் ஆண்டுவிழாக்களில் பலவும் அங்கேதான் நிற்கின்றன, சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

அப்படியானால் பயிற்சியில் எதைத்தான் கற்றுக்கொடுப்பது? கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டமொன்றில் பணியாற்றினார். அப்போது நடந்ததாக அவரே சொன்ன செய்தி இது. மனைவியை ஏமாற்றும் கணவனைப் பற்றிய நாடகம். சிக்கலான கட்டத்தில் நாடகத்தை நிறுத்தி, அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்பவர்களைக் கேட்பார்கள். அவர்கள் சொல்வதை நடிகர்கள் நடித்துக் காட்டுவார்கள். கூட்டத்திலிருந்த ஒரு பெண், "அவள் அவனிடம் தெளிவாகப் பேசிவிட வேண்டும்" என்றார். நடிகை பேசினார். "இப்படியில்லை, இன்னும் தெளிவாக" என்றார் அந்தப் பெண். மறுபடியும் நடித்தார்கள், அப்போதும் அவருக்குத் திருப்தி இல்லை. கடைசியில், நீங்களே வந்து காட்டுங்கள் என்று போவால் மேடைக்கு அழைத்தார். வந்தவர் துடைப்பக்கட்டையை எடுத்துக் கணவனாக நடித்தவரை வெளுத்து வாங்கிவிட்டார். பார்வையாளரே மேடையேறி முடிவை மாற்றிப் பார்க்கும் விவாத அரங்கு பிறந்த கதை இது.

துடைப்பக்கட்டை சரியான தீர்வா என்பது வேறு விஷயம். அதை அங்கேயே, எல்லோருமாகப் பேசிக்கொள்ளலாம். அடித்த பிறகு அவன் என்ன செய்வான், அவள் எங்கே போவாள் என்று அடுத்தவர் மேடையேறிக் காட்டலாம். நடத்துகிறவர் "அடிப்பது தவறு" என்று தொடங்கிவிட்டால் அன்றைய அரங்கு அதோடு சரி.

இப்படி வாயை மூடிக்கொண்டு கேட்பதைப் பழக்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. இருவர் இருவராக நிற்கிறார்கள். ஒருவர் மற்றவரின் கை, தலை, தோள் ஆகியவற்றை நகர்த்தி 'தேர்வு முடிவு வந்த நாள்' என்று ஒரு சிலையாக நிறுத்துகிறார். பேச்சு கிடையாது. தொடுவதற்கு முன் சம்மதம் கேட்க வேண்டும். தொட வேண்டாமென்றால், தன் உடலால் செய்துகாட்டி அதைப் பார்த்து நிற்கச் சொல்ல வேண்டும். பிறகு நடத்துகிறவர் முதலில் பார்ப்பவர்களைக் கேட்கிறார்: என்ன தெரிகிறது? "கை பின்னால் இருக்கிறது, ஒரு கால் வாசலைப் பார்த்திருக்கிறது." இவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கலாம்? "வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று." சிலையை உருவாக்கியவரிடம் கடைசியில்தான் கேட்க வேண்டும், அதுவும் அவர் விரும்பினால் மட்டும். இந்த வரிசையைப் புதியவர்கள் அநேகமாகத் தலைகீழாக்கிவிடுவார்கள். எடுத்த எடுப்பிலேயே "இது உன் கதையா?" என்று கேட்பார்கள். பையன் சிரித்து மழுப்பிவிடுவான். அப்புறம் அவன் வாயைத் திறக்க மாட்டான்.

ஆகவே சொந்தக் கதையைக் கேட்காதீர்கள். கற்பனைப் பாத்திரம் ஒன்றை உருவாக்கி அதற்குப் பெயர், வயது, வீடு எல்லாம் கொடுங்கள். பிள்ளைகள் தங்களுடையதை அதில் வேண்டிய அளவு வைத்துக்கொள்வார்கள். முடிந்ததும் வேடத்தைக் களைந்து, கை கால்களை உதறி, தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வெளியே வரட்டும். இவ்வளவு கவனமாக இருந்தும், தனக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றி ஒரு பிள்ளை சொல்லிவிடலாம். அப்போது "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. யாரிடம் கொண்டுபோவது என்பது பயிற்சியின் முதல் நாளிலேயே பணியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பகுதி இல்லாத பயிற்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கூச்சத்துக்கும் வழி உண்டு. 1930களின் பிற்பகுதியில் சிகாகோவில் நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின், குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தபோது, 'நடி' என்று சொல்லாமல் விதிகளுள்ள விளையாட்டுகளைக் கொடுத்தார். இல்லாத கயிற்றை இரண்டு அணியாக நின்று இழுக்கச் சொல்லுங்கள். கவனமெல்லாம் கயிற்றின் மேல் இருக்கும். வெட்கப்பட நேரம் இருக்காது.

படம் வரைவது, புகைப்படம், தாளம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். கேமராவைக் கையில் கொடுக்கும்போது, படத்தில் வருகிறவரின் சம்மதத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக, பயிற்சி நடத்தும் நிறுவனங்களுக்கு ஒன்று. ஒருநாள் பயிலரங்கு, மதிய உணவு, சான்றிதழ், குழுப் புகைப்படம் என்று முடிப்பதை நிறுத்துங்கள். இரண்டு நாள் பயிற்சிக்குப் பிறகு பணியாளர் தன் குழுவிடம் திரும்பிப்போய் நடத்திப் பார்க்கட்டும். சில வாரம் கழித்து வந்து, எங்கே சறுக்கியது என்று சக பணியாளர்களிடம் பேசட்டும். பணம் கொடுக்கிறவர்கள் எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள். அந்தக் கணக்கைக் கொடுத்துவிட்டு, உங்கள் குறிப்பேட்டில் வேறொன்றை எழுதிவையுங்கள்: இன்று யார் பேசவில்லை, ஒரு காட்சியின் முடிவை யார் மாற்றினார்கள், நான் எந்த இடத்தில் குறுக்கே பேசினேன்.

வணக்கம்.