கடல் சூனியக்காரியை யார் கொன்றது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய அனிமேஷன் படங்களையும் மேற்கத்திய அனிமேஷன் படங்களையும் ஒப்பிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே கதையிலிருந்து பிறந்த இரண்டு படங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837-இல் எழுதிய கடல்கன்னி கதை அது. இளவரசனுக்காகக் கடல் சூனியக்காரியிடம் குரலைக் கொடுத்துக் கால்களை வாங்குகிறாள் கடல்கன்னி. அவனோ வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். இவள் கடல் நுரையாகிறாள். இதை வைத்து டிஸ்னி 1989-இல் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ எடுத்தது. 2008-இல் ஜப்பானின் ஸ்டுடியோ ஜிப்லியின் ஹயாவோ மியாசாகி ‘போன்யோ’ எடுத்தார்.

டிஸ்னி படத்தில் சூனியக்காரி அர்சுலாவுக்குக் கடலரசின் மேலேயே கண். உடைந்த கப்பலின் முனை பாய்ந்து அவள் செத்த பிறகுதான் கடல்கன்னிக்கும் இளவரசனுக்கும் கல்யாணம்.

‘போன்யோ’வில் யாரும் சாவதில்லை. மனுஷியாக ஆசைப்படும் போன்யோ என்ற மீன்குட்டி, அவளுக்குச் சிநேகிதனாக ஐந்து வயது சோசுகே. தடுப்பவர் அவளுடைய அப்பா ஃபுஜிமோட்டோ. முன்பு மனிதராக இருந்தவர். கடலை அசுத்தமாக்கும் மனிதர்களை வெறுப்பவர். பெரிய ஆபத்தும் அவரால் வருவதில்லை. போன்யோவின் ஆசைதான் மந்திரத்தைக் கட்டவிழ்த்துவிடுகிறது; கடல் பொங்கி ஊரே மூழ்குகிறது. இத்தனைக்கும் பிறகு ஃபுஜிமோட்டோ சோசுகேயிடம் கைகுலுக்கி விடைபெறுகிறார்.

பார்த்தீர்களா, கிழக்கு வேறு, மேற்கு வேறு என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் ஆண்டர்சனின் மூலக்கதை அதற்கு இடம் கொடுப்பதில்லை. அங்கே சூனியக்காரி நேர்மையான வியாபாரி! இது மடத்தனம், ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கும் என்று எச்சரித்துவிட்டுத்தான் விலை பேசுகிறாள். அவளை யாரும் கொல்வதில்லை, தண்டிப்பதும் இல்லை. அந்த வகையில் டேனிஷ்காரர் ஹாலிவுட்டைவிட மியாசாகிக்கே நெருக்கம். அர்சுலாவின் சாவு திரைக்கதைக்காரர்களின் தேவை என்பேன்.

மியாசாகியும் வில்லனை ஒதுக்கியவர் அல்ல. 1986-இல் வந்த லபூட்டா படத்தின் முஸ்கா அசல் வில்லன். அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் எடுத்த ‘இன்சைட் அவுட்’டிலோ (2015) வில்லனே கிடையாது.

வில்லன் இல்லாவிட்டால் படம் உயர்ந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ‘போன்யோ’வின் கடைசிப் பகுதி தொய்வுதான். மீனானாலும் மனுஷியானாலும் அவளைப் பிடிக்கும் என்று சோசுகே சொன்னதும் அவன் அன்புக்கு வைத்த சோதனை முடிந்துவிடுகிறது. அவன் தவறிவிடுவானோ என்ற பதைப்பு நமக்கு வருவதே இல்லை. அர்சுலா பூதாகாரமாய்க் கடலுக்கு மேல் எழும் காட்சியிலோ, முடிவு தெரிந்தவர்களும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறார்கள்.

வணக்கம்.