கருப்பா, டேன் (இளம்பழுப்பு) நிறமா? ஸ்போர்ட்ஸ் கார் இன்டீரியரில் ரசனைகள் பிரியும் இடம்

(காட்சி: ஃபெராரி எஃப்40 காரின் கதவு திறக்கிறது. கேமரா உள்ளே நுழைகிறது.)

வணக்கம். 1987-இல் வெளிவந்த இந்தக் காரின் உள்ளே தரைக் கம்பளம் கிடையாது. கதவைத் திறக்கக் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இழுகயிறு மட்டுமே தொங்குகிறது. இருக்கைகளில் சிவப்புத் துணி போர்த்தப்பட்டிருக்கிறது. எடையைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்ட இந்த வெறுமையைச் சிலர் ஸ்போர்ட்ஸ் காரின் இலக்கணமாகவே கொண்டாடுகிறார்கள். இவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் வாகனத்தில் நல்ல தோலும் நேர்த்தியான தையலும் இருக்க வேண்டாமா என்று வேறு சிலர் கேட்கிறார்கள். உட்புற அலங்காரத்தைப் பற்றிய பெரும்பாலான வாதங்கள் இந்த இரு எதிர்பார்ப்புகளிலிருந்தே கிளைக்கின்றன: ஒருவருக்கு அது வேலை செய்யும் இடம், மற்றவருக்கு நெடுந்தூரம் சுகமாகப் பயணம் செய்யும் அறை.

(காட்சி: கருப்பு வெள்ளைக் கட்டங்கள் அலை அலையாக நெளியும் இருக்கைத் துணி.)

ரசனை நிலையாக நிற்பதும் இல்லை. போர்ஷே நிறுவனம் 1977-இல் 928 மாடலோடு அறிமுகப்படுத்திய பாஷா என்னும் இந்தத் துணி கண்ணை உறுத்துகிறது என்று பலர் முகம் சுளித்தார்கள். அதே வடிவத்தை 2025-இல் 911 ஸ்பிரிட் 70 என்னும் சிறப்புப் பதிப்பில் அந்நிறுவனமே பெருமையோடு மீண்டும் கொண்டுவந்தது.

(காட்சி: ஸ்டீயரிங் சக்கரம், மிக நெருக்கத்தில்.)

அடுத்து, கைக்கு எட்டும் பொருள்களைப் பார்ப்போம். அல்காண்டாரா என்னும் இந்த மேலுறை, தோல் அன்று. 1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தைச் சேர்ந்த மியோஷி ஒகமோட்டோ உருவாக்கிய, பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் கலந்த செயற்கைப் பொருள் அது. அது வெளிச்சத்தைத் திருப்பியடிக்காது. வளைவுகளில் உடலை வழுக்க விடாது. ஆகவே டேஷ்போர்டின் மேற்பகுதிக்கும் இருக்கையின் நடுப்பகுதிக்கும் அது மிகவும் பொருந்துகிறது. ஸ்டீயரிங் விஷயத்தில்தான் கருத்துகள் மோதுகின்றன. உள்ளங்கையின் எண்ணெயும் வியர்வையும் படிந்து, கைகள் வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் மட்டும் அதன் மெல்லிய ரோமங்கள் படுத்துப் பளபளக்கத் தொடங்க, மீதிச் சக்கரம் புதிது போலவே இருப்பதை இங்கே காணலாம். தொடர்ந்து துடைத்துப் பராமரிக்க மனமில்லாதவர்கள், ஸ்டீயரிங்குக்கு வழவழப்பான தோலையே தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

(காட்சி: கிரீம் நிற இருக்கையின் வெளிப்பக்க விளிம்பு.)

வெளிர் நிறத் தோல் குறுகலான கேபினை விசாலமாகக் காட்டும். ஆனால் தாழ்வான காருக்குள் இறங்கும்போது உடல் முழுவதும் இந்த விளிம்பின் மேல்தான் உரசிச் செல்கிறது. புதிய ஜீன்ஸின் நீலச்சாயம் முதலில் படிவதும் இங்கேதான். இதைவிடத் தொல்லை தருவது வெளிர் நிற டேஷ்போர்டு. நன்கு சாய்ந்த முன்கண்ணாடியில் அதன் பிம்பம் விழுந்து, வெயிலில் சாலையை மங்கச் செய்துவிடும். எனவே கண்ணாடிக்குக் கீழே உள்ள பரப்பைக் கருமையாக வைத்து, சிவப்பு, டேன், நீலம் போன்ற நிறங்களை இருக்கைகளுக்கும் கதவுகளின் கீழ்ப்பகுதிக்கும் ஒதுக்குவதே பார்வைக்கும் பாதுகாப்புக்கும் ஏற்றது.

பியானோ பிளாக் எனப்படும் பளபளப்பான கருப்புப் பரப்பைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை: விரல்ரேகையும் நுண்கீறலும் விரைவில் தெரியும். கார்பன் ஃபைபரிலும் பளபளப்பானதைவிட மங்கலான பூச்சு கண்ணுக்கு இதமானது.

(காட்சி: போர்ஷே கரேரா ஜிடி காரின் கியர் குமிழ்.)

கார்பன் ஃபைபரால் உடல் அமைந்த இந்தக் காரில் கியர் குமிழ் மட்டும் மரத்தாலானது. எடையை மிச்சப்படுத்தப் பால்சா என்னும் மிக லேசான மரத்தாலான குமிழ் பொருத்தப்பட்ட போர்ஷேயின் 917 பந்தயக் காரை அது நினைவூட்டுகிறது. காரணத்தோடு வந்த அலங்காரம் எவ்வளவு அழகாக அமர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஃபெராரியின் டெய்லர் மேட், லம்போர்கினியின் ஆட் பெர்சோனாம் போன்ற பிரிவுகள் தையல் நூலின் நிறம் வரை வாங்குபவரின் விருப்பத்திற்கே விட்டுவிடுகின்றன. அப்படியிருந்தும், மறுவிற்பனையில் விலை குறைந்துவிடுமோ என்ற அச்சத்தால் பலர் மனத்திற்குப் பிடித்த பச்சையையோ சிவப்பையோ கைவிட்டுக் கருப்புக்குத் திரும்புகிறார்கள். யாரென்றே தெரியாத அடுத்த உரிமையாளருக்காகத் தம் ஆசையை விட்டுக்கொடுப்பது வருத்தத்திற்குரியது. காரைப் பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறவர், தோல் மாதிரியையும் நூல் மாதிரியையும் ஷோரூம் விளக்கிலிருந்து வெளியே எடுத்துச் சென்று, நண்பகல் வெயிலிலும் மாலை நிழலிலும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, தமக்குப் பிடித்த நிறத்திலேயே கையெழுத்திடலாம்.