மக்காவ் சபையின் குருவானவர்

நேயர்களுக்கு வணக்கம். பெண்கள் சபைக்கு ஆயராக, அதாவது குருவானவராக, இருக்கலாமா என்று பேச்செடுத்தால், பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பெண் உபதேசம்பண்ண உத்தரவு கொடுப்பதில்லை என்று வரும் வசனத்தை எடுத்து நீட்டிவிடுவார்கள். அந்த வசனத்தை மறைக்க நான் வரவில்லை. அதே வேதத்தில், உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களிடம் செய்தி சொல்ல அனுப்பியது மகதலேனா மரியாளைத்தான். வசனத்துக்கு வசனம் வைத்து இந்த வழக்கு தீராது. ஆகையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1941 டிசம்பரில் ஹாங்காங் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பக்கத்தில் போர்ச்சுகீசியர் வசமிருந்த மக்காவ் நடுநிலைப் பகுதி என்பதால் அகதிகள் அங்கே குவிந்தார்கள். அங்கிருந்த ஆங்கிலிக்கன் சபைக்குத் திருவிருந்து, அதாவது இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும், கொடுக்கக் குருவானவர் வந்துசேர வழியில்லை. சபையைக் கவனித்துக்கொண்டவர் லி டிம் ஓய் என்ற சீனப் பெண், டீக்கன்; அதாவது குருவானவருக்கு அடுத்த படியில் உள்ள பணியாளர். குருத்துவ அபிஷேகம் இல்லாமலேயே திருவிருந்து நடத்தவும் அவருக்கு அனுமதி தரப்பட்டது. அதைவிட அபிஷேகம் செய்துவிடுவதே முறை என்று பேராயர் ரொனால்ட் ஹால் முடிவு செய்தார். ஜப்பானியர் பிடியிலிருந்த பகுதியைக் கடந்து போய், 1944 ஜனவரி 25 அன்று டிம் ஓய் குருவானவரானார். அன்று பவுல் மனந்திரும்பிய திருநாள் என்பதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

போர் முடிந்தது, ஒரு பெண்ணைக் குருவாக்கியதற்குக் கண்டனம் தொடங்கியது. பேராயருக்குச் சங்கடம் வேண்டாமென்று 1946-ல் டிம் ஓய் பணி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். குருத்துவத்தைத் துறக்கவில்லை. சீனாவின் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் கோழிப்பண்ணையில் உழைத்தார். 1971-ல் ஹாங்காங்கில் வேறு இரு பெண்கள் குருத்துவம் பெற்றபோதுதான் அவருடைய பட்டத்தையும் அங்கீகரித்தார்கள். மக்காவில் அவர் கையால் வாங்கிய அப்பம் போர்க்காலத்தில் மட்டும்தான் திருவிருந்தாக இருந்ததா? அவருடைய குருத்துவத்தை மறுத்தவர்கள் இதற்கு நேராகப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

நம் தென்னிந்தியத் திருச்சபையில் கதவு எப்போதோ திறந்துவிட்டது. 2013-ல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார். இருந்தும் ஒரு பெண் ஆயரை அனுப்பினால், "நடுராத்திரியில் துக்க வீட்டுக்கு அம்மாவால் வர முடியுமா?" என்று சேகரத்தில், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தில், கேட்பவர்கள் இருக்கிறார்கள். துக்க வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து பாட்டுப் பாடி, ஜெபித்து, காலையில் காப்பி போட்டுக் கொடுப்பது யாராம்? அந்தப் பெண்களில் ஒருவர் இறையியல் படித்து அபிஷேகம் பெற்று வந்தால் மட்டும் இரவுப் பயணம் ஆபத்தாகிவிடுகிறது! பேராயர்களின் ஆளுகைப் பகுதிகளான திருமண்டலங்கள் இந்தச் சாக்குக்குக் காது கொடுக்காமல், பெண் ஆயர்களைப் பெரிய நகரச் சபைகளுக்கே தலைமை ஆயராக நியமிக்கட்டும். நன்றி.