பேடு கட்டிய பாரிஸ்டர்

விழாத் தலைவர் அவர்களே, கோப்பை வழங்க வந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, வழக்கறிஞர் சங்கப் பொறுப்பாளர்களே, நம் கிரிக்கெட் போட்டியில் வெயிலில் நின்று எல்லாத் திட்டும் வாங்கிய நடுவர்களே, மதியச் சாப்பாட்டை ஏற்பாடு செய்த பொருளாளர் அவர்களே (அவரை விட்டுவிட்டால் அடுத்த வருஷம் நமக்கு மோர்சாதம்தான்), அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்துக்காரர் ஆல்ஃபிரட் லிட்டல்டனை ஆட்டக்காரர், வக்கீல், மந்திரி என்று மூன்றாகப் பிரித்துப் பேச எண்ணம்.

1857இல் பிறந்தவர். ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். 1877இல் ஸ்காட்லாந்துக்கு எதிராகக் கால்பந்தில் கோல் போட்டார். 1880இல் கிரிக்கெட் டெஸ்ட் ஆடினார். இரண்டு ஆட்டத்திலும் இங்கிலாந்துக்கு ஆடிய முதல் ஆள் இவர்தான். 1881இல் பாரிஸ்டர். சரி, இப்போது லண்டன் ஓவல் மைதானத்துக்கு வாருங்கள்.

1884 ஆகஸ்ட். ஆஸ்திரேலியா அடிக்கிறது, அடிக்கிறது, ஓயவில்லை. மர்டாக் 211, டெஸ்ட் வரலாற்றின் முதல் இரட்டைச் சதம். மெக்டொனல் 103, ஸ்காட் 102. இங்கிலாந்து கேப்டன் லார்டு ஹாரிஸ் எல்லோரிடமும் பந்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டார். மிச்சம் விக்கெட் கீப்பர். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று அவரையும் கூப்பிட்டார். பேடு கட்டிய காலோடு வந்தார் நம் பாரிஸ்டர். கிளவுஸ் சக ஆட்டக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ் கைக்குப் போனது. லிட்டல்டன் போட்டது லாப். அதாவது கையைத் தோளுக்கு மேல் சுழற்றாமல், கீழிருந்து தூக்கிப் போடும் அண்டர்ஆர்ம் மெதுபந்து. ஆஸ்திரேலியாவின் மிட்விண்டர், கீப்பராக நின்ற கிரேஸிடமே கேட்ச்! முடிவில் 12 ஓவர், 19 ரன், 4 விக்கெட். அன்று ஓவருக்கு நான்கே பந்து என்பதை மறக்காதீர்கள். 551க்கு ஆஸ்திரேலியா ஆல் அவுட். பதினொரு பேரும் பந்து வீசிய முதல் டெஸ்ட் அது.

எப்படி விழுந்தது? லாப் பந்தில் வேகமே கிடையாது. வேகத்தை அடிப்பவர்தான் கொடுக்க வேண்டும். கண்ணுக்கு மேலே ஏறி இறங்கும்போது தூரக் கணக்கு தப்பும். அவசரப்பட்டு இறங்கினால் ஸ்டம்பிங். ஆனால் போடுகிறவருக்கும் நிதானம் தேவை. ஷார்ட்டாக விழுந்தால் சிக்ஸர், ஃபுல் டாஸானாலும் அதே கதி. எல்லைக் கோட்டில் லாங் ஆன், டீப் ஸ்கொயர் லெக் இரண்டு இடத்திலும் ஆள் நிறுத்தாமல் லாப் போடுவது தற்கொலை.

வக்கீல் தொழிலில் அட்டர்னி ஜெனரல் ஹென்றி ஜேம்ஸிடம் உதவியாளராக இருந்தார். 1903இல் பிரிட்டிஷ் அரசில் காலனி மந்திரி. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் சுரங்கங்களுக்குச் சீனக் கூலிகளைக் கொண்டுவந்த விவகாரத்தில் பேர் கெட்டது, நியாயமாகவே கெட்டது. 1913இல் கிரிக்கெட் பந்து பட்ட காயம் முற்றி இறந்தார். நேரமில்லை, மன்னியுங்கள், என் வழக்குக்கு வருகிறேன்.

1981இல் மெல்போர்னில் நியூசிலாந்துக்கு எதிராக, ஆஸ்திரேலியாவின் டிரெவர் சாப்பல், சிக்ஸர் அடிக்க முடியாதபடி கடைசிப் பந்தைத் தரையில் உருட்டிவிட்டார். பழி முழுக்க அண்டர்ஆர்ம் தலையில். உருட்டியது வேறு, தூக்கிப் போடுவது வேறு ஐயா! அண்டர்ஆர்மைத் தடுக்கும் இன்றைய கிரிக்கெட் 21ஆம் விதியும் கதவை முழுக்கச் சாத்தவில்லை. ஆட்டத்துக்கு முன்பே உடன்பாடு இருந்தால் போடலாம். தோள்பட்டை தேய்ந்த சீனியர் வக்கீல்கள் இங்கே பத்துப் பேராவது உட்கார்ந்திருக்கிறார்கள். சிறு துரும்பும் பல் குத்த உதவும். அடுத்த ஆண்டுப் போட்டி விதிகளில், 'டாஸுக்கு முன் இரு கேப்டன்களும் ஒப்பினால் லாப் செல்லும். தரையில் உருட்டினால் நோ பால்' என்று ஒரே ஒரு வரி. தலைவர் அவர்கள் இந்த மேடையிலேயே அதை அறிவிக்க வேண்டும்.